ஏழாம் வகுப்பு அறிவியல் தாளில் ஒரு பாக்கி

பதிவு கொஞ்சம் நீளம். காலை அவசரத்தில் திறந்தவர்கள் மூடி வைத்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள். பாதி படித்துவிட்டு "அருமை டீச்சர்" என்று கைகூப்பிப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றும் அப்படித்தான், பாடத்தின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுக் கை தூக்குவீர்கள்.

போன வருடம் பெங்களூருக்கு மகள் வீட்டோடு வந்தபோது குன்னூர் வீட்டு வாசல் செடியிலிருந்து நான்கு குச்சி ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். ஹைட்ரேஞ்சியா. பள்ளிக்கூடத்தில் நாம் பந்துப்பூ என்று சொல்வோமே, அதுதான். குன்னூரில் அது எப்படிப் பூக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மைக்கூட்டைக் கவிழ்த்தது போன்ற நீலம். இங்கே பால்கனியில் மூன்று குச்சி காய்ந்துபோனது, ஒன்று பிழைத்தது. பிழைத்தது இந்த வருடம் பூத்தது. ரோஸ்மில்க் நிறத்தில்!

மகள் சொன்னாள், "அம்மா, அவசரத்துல பக்கத்து வீட்டுச் செடிய ஒடிச்சிட்டு வந்திருக்கே."

என் கையால் ஒடித்தேன். அந்தச் செடியை இருபது வருடம் பார்த்தவள் நான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பூவைப் படம் பிடித்து நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "நீலச் செடி சிவப்பாகப் பூத்திருக்கிறது, காரணம் சொல்பவர்களுக்கு மிட்டாய்" என்று எழுதினேன். வழக்கம்போல ஆளுக்கொன்று சொன்னீர்கள். வெயில் என்றார் ஒருவர். பெங்களூர்ப் புகை என்றார் இன்னொருவர். ஒருவர் பூங்கொத்துப் படம் மட்டும் அனுப்பினார். ராத்திரி பதினோரு மணிக்கு, குழுவில் பேசவே பேசாத ஒரு மாணவி தனியாக எனக்கு அனுப்பினாள்:

"டீச்சர், போர் தண்ணி ஊத்துறீங்களா? மழைத்தண்ணி பிடிச்சு ஊத்துங்க. கூட கொஞ்சம் படிகாரம். அஞ்சு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவ. ஜாஸ்தி போட்டா வேர் கருகிரும்."

அதற்குக் கீழே, "ஏழாம் வகுப்புல எனக்கு ரெண்டு மார்க் பாக்கி இருக்கு டீச்சர்" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மை.

அந்தச் சிரிப்புப் பொம்மையைப் பார்த்துவிட்டு நான் தூங்கவில்லை.

1991. அரைப்பரீட்சை. ஏழாம் வகுப்பு அறிவியலில் நானே தயாரித்த வினாத்தாள். "பூவின் நிறத்தை முடிவு செய்வது எது?" இரண்டு மதிப்பெண். நான் எதிர்பார்த்த விடை, அந்தந்தச் செடியின் இனம், அதாவது பெற்றோர்ச் செடியிலிருந்து வரும் பண்பு. இவள் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்: மண். கீழே காரணமும் எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்துச் செடி நீலம், எங்கள் லைன் வீட்டு முன்னால் இருக்கும் செடி ரோஸ், இரண்டும் ஒரே செடி என்று.

நான் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். விடைத்தாள் கொடுக்கும்போது எல்லார் முன்னாலும் கேட்டேன். "மண்ணுதான் நெறம் குடுக்கும்னா செம்மண்ணுல பூக்கிறதெல்லாம் செவப்பாப் பூக்கணுமே. கரிசல் மண்ணுல மல்லி கறுப்பாப் பூக்குதா?" வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, நல்ல பதில் சொல்லிவிட்டேன் என்று. அவள் தாளை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். சிரித்தவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள்மேல் குற்றமில்லை. டீச்சர் சிரிக்கச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும்.

இப்போது அந்த விடையை எடுத்துப் பார்க்கிறேன். அவள் வீட்டுச் செடி எங்கிருந்து வந்தது? அந்த வருடம் மழைக்கு முன்னால் பள்ளித் தோட்டத்துப் புதரைக் கழித்துவிட்டோம். வெட்டிய குச்சிகளை வேண்டியவர்களுக்கு நான்தான் கொடுத்தேன். இவளும் வாங்கிக்கொண்டு போனாள். குச்சியிலிருந்து வளர்வது தாய்ச்செடியின் அச்சு அசல் நகல். விதையிலிருந்து வந்தால் அப்பன் பாதி, அம்மா பாதி என்று மாறலாம். குச்சியில் ஒரு மரபணு மாறாது. ஆக, மரபணு ஒன்று, மண் இரண்டு, பூ இரண்டு நிறம். ஆராய்ச்சி நிலையத்தில் இதைச் செய்திருந்தால் பரிசோதனை என்று சொல்லியிருப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் லைன் வீட்டு வாசலில் செய்ததால் தப்பான விடை.

என் அண்ணன் மகன் உயிர்த்தொழில்நுட்பம் படித்து ஆராய்ச்சி செய்கிறான். உறவுக்காரர்களுக்குத் தெரியும், கல்யாண வீட்டில் தனியாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பானே, அவன்தான். அவனைப் பிடித்தேன். "அத்தை, நாலு ஞாயித்துக்கிழமை எனக்குக் குடுங்க" என்றான். கொடுத்தேன். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். அவன் அனுப்பிய ஆங்கிலக் கட்டுரைகளை அவனே வரி வரியாகச் சொல்ல, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எனக்கு விளங்கியதை, உங்களுக்கு விளங்கும் விதத்தில் சொல்கிறேன்.

முதலில் லிட்மஸ் தாளை மறந்துவிடுங்கள். அமிலத்தில் சிவப்பு, காரத்தில் நீலம் என்று பாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன் இல்லையா? ஹைட்ரேஞ்சியா அதற்கு நேர் எதிர். அமில மண்ணில் நீலம், கார மண்ணில் ரோஸ். அமிலம் பூவைத் தொட்டு நிறம் மாற்றுவதில்லை என்பதுதான் காரணம். நடுவில் ஒரு உலோகம் இருக்கிறது. அலுமினியம்.

நம் காலடியில் பூமியின் மேலோட்டின் எடையில் சுமார் 8 சதவீதம் அலுமினியம்தான். உலோகங்களில் அதுவே அதிகம். மண்ணின் பி.எச். 6, 7 என்று இருக்கும்போது அது களிமண்ணோடும் கல்லோடும் இறுகிக் கிடக்கும். எந்தச் செடிக்கும் அதனால் தொந்தரவு இல்லை. பி.எச். 5.5க்குக் கீழே இறங்கினால் கரைந்து தண்ணீரில் வந்துவிடும். வந்தால் பயிருக்கு நஞ்சு. முதலில் வேரின் நுனியைப் பிடிக்கும். மக்காச்சோள வேர் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நீள்வதை நிறுத்திவிடுமாம். வேர் குட்டையானால் தண்ணீரும் சத்தும் எங்கிருந்து வரும்? அமில மண்ணில் பயிர் சோனியாகப் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

நீலகிரி மண் நல்ல அமில மண். அதனால்தான் தேயிலை வந்தது. தேயிலை அலுமினியத்துக்கு அஞ்சாத செடி. முற்றிய இலையில் அதைச் சேர்த்துவைத்துக்கொண்டு நிம்மதியாக நிற்கும். (உடனே டீயை நிறுத்திவிடாதீர்கள். நாம் பறிப்பது கொழுந்து. அதில் அவ்வளவு சேராது.) தோட்டத்து பங்களாக்களில் அழகுக்கு வைக்கும் கமேலியா தேயிலையின் சொந்தக்காரி. அவளும் அப்படித்தான். ஹைட்ரேஞ்சியா ஜப்பானிலிருந்து வந்தது, இந்த இரண்டுக்கும் உறவில்லை, ஆனால் அதே சாமர்த்தியம் அதற்கும் உண்டு.

சரி, லைன் வீட்டு வாசல் மட்டும் ஏன் ரோஸ்? இதை நான் கண்டுபிடிக்கவில்லை, அவளே சொன்னாள். "டீச்சர், பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்போம். செவுத்துல பாதி, தரையில பாதி. அடுப்புச் சாம்பலும் அந்த மூலையிலதான் கொட்டுவோம்." சுண்ணாம்பு காரம். விறகுச் சாம்பலும் காரம். செடியின் காலடி மண் காரமாக ஆனது, அலுமினியம் பூட்டிக்கொண்டது, பூ ரோஸ் ஆனது. பள்ளித் தோட்டத்தில் சுண்ணாம்பும் இல்லை சாம்பலும் இல்லை. பெங்களூர் பால்கனியில் கடினமான போர் தண்ணீர், அதிலும் கால்சியம். அதே கதை. நாம் வாசலில் கண்திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடும் படிகாரம் இருக்கிறதே, அது பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த உப்பு. கரைத்து ஊற்றினால் மண்ணில் அமிலமும் ஏறும், அலுமினியமும் கிடைக்கும். என் மகளுக்கு அறிவியல் பிடிபட்டதோ இல்லையோ, வாசலில் தொங்கிய கட்டியில் ஓர் ஓரம் உடைந்திருப்பதை மாலையே கண்டுபிடித்துவிட்டாள்.

இதுவரை அவள் கட்சிதான் ஜெயித்தது. மண். ஆனால் அண்ணன் மகன் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு கேள்வி போட்டான். "அத்தை, அதே மண்ணுல ரோஜா வெச்சு, அதே படிகாரம் ஊத்துங்க. நீலமாப் பூக்குமா?"

பூக்காது. அளவு மிஞ்சினால் வேர் போய்ச் செடி சாகும். ஆக அலுமினியம் மண்ணில் இருந்தால் மட்டும் போதாது. அதை உள்ளே வாங்கவும், வாங்கிய பிறகு சாகாமல் இருக்கவும் செடிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெரிவு எங்கே எழுதியிருக்கிறது? மரபணுவில்.

உலோகத்தைச் சமாளிக்கச் செடிகளிடம் பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று, வாசலிலேயே மடக்குவது. கோதுமையில் சில வகைகள் வேர் நுனியிலிருந்து மாலிக் அமிலத்தைக் கசியவிடும், ஆப்பிளில் இருக்கும் அதே புளிப்பு. அது வெளியிலேயே அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதற்கான மரபணுவை 2004ல் கண்டார்கள். இன்னொரு வழி, வீட்டுக்குள் விட்டு அறையில் வைத்துப் பூட்டுவது. ஹைட்ரேஞ்சியாவின் வழி இது. இலைக்குள் போன அலுமினியத்தைச் சிட்ரிக் அமிலம் ஒன்றுக்கு ஒன்றாகக் கைப்பிடித்து வைத்திருக்கிறது என்று 1997ல் ஜப்பானில் காட்டினார்கள். சிட்ரிக் அமிலம் என்றால் எலுமிச்சையின் புளிப்புதான். கைப்பிடிக்குள் இருக்கும்வரை அலுமினியம் யாருக்கும் கெடுதல் செய்யாது.

பூவில் நடப்பது இன்னும் அழகு. நாம் இதழ் என்று நினைக்கும் அந்த வண்ண வட்டம் அல்லி இதழே இல்லை, புல்லி இதழ். (பரீட்சையில் கேட்டிருந்தால் பாதிப் பேர் கோட்டை விட்டிருப்பீர்கள்.) அதன் செல்களுக்குள் நுண்குமிழ் என்று ஒரு பை இருக்கும், செல்லின் சேமிப்பு அறை. நிறமி இருப்பது அதற்குள். நீலப் பூவிலும் ரோஸ் பூவிலும் ஒரே நிறமிதான், டெல்ஃபினிடின் வகை. அதோடு அலுமினியமும் இன்னொரு துணைப்பொருளும் சேர்ந்தால் நீலம். அலுமினியம் வரவில்லை என்றால் ரோஸ். அவ்வளவுதான் வித்தியாசம். நீலச் செல்லின் அந்தப் பைக்குள் இருக்கும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்கு போதும், பல பயிர்களின் வேரை முடக்க. இவ்வளவு நஞ்சைப் பூ எப்படி உள்ளே கொண்டுபோய் வைக்கிறது?

நகோயா பல்கலைக்கழகத்தில் குமி யோஷிதா என்ற பெண்மணியின் குழு இதைத் தேடியது. பூ பச்சையாக இருக்கும்போதும் நீலம் ஏறும்போதும் எந்தெந்த மரபணு மும்முரமாக வேலை செய்கிறது என்று வரிசையாகப் பார்த்தார்கள். 2012ல் இரண்டு மரபணுக்களை அறிவித்தார்கள். இரண்டும் செல்லுக்குள் கதவு செய்யும் மரபணுக்கள். பொதுவாகத் தண்ணீர் போகவர இருக்கும் கதவுக் குடும்பம் அது, ஆனால் இந்த இரண்டு கதவும் அலுமினியத்தை விடுகின்றன. ஒன்று செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் தெருக்கதவு. இன்னொன்று சேமிப்பு அறையின் கதவு.

அடுத்து அவர்கள் செய்ததைக் கேட்டுத்தான் நான் நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அலுமினியம் தாங்காத ஒரு சின்னச் செடி, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ். ஆய்வுக்கூடங்களில் எல்லாப் பரீட்சையும் அதன் தலையில்தான். அதில் அறைக்கதவு மரபணுவை வைத்தார்கள். அது அலுமினியத்தைத் தாங்க ஆரம்பித்தது. இன்னொரு செடியில் தெருக்கதவு மரபணுவை மட்டும் வைத்தார்கள். அது முன்பைவிடச் சீக்கிரம் வாடியது. உள்ளே விடத் தெரிந்துகொண்டது, வைக்க இடம் இல்லை. ஹைட்ரேஞ்சியாவில் இரண்டும் சேர்ந்து இருக்கின்றன, அதனால் பிழைக்கிறது, பிழைப்பதோடு நீலமாகவும் பூக்கிறது.

அந்தக் கணக்கில் என் பழைய விடையும் முழுத் தப்பு இல்லை. நிறமியே இல்லாத வெள்ளை ஹைட்ரேஞ்சியா எந்தப் படிகாரத்துக்கும் நீலமாகாது. அண்ணன் மகன் என்னைச் சமாதானப்படுத்த, "அத்தை, நீங்களும் பாதி ரைட்டு, அவங்களும் பாதி ரைட்டு. ஆளுக்கு ஒரு மார்க்" என்றான். எனக்கும் அது பிடித்திருந்தது. இந்தப் பதிவை முதலில் அப்படித்தான் எழுதினேன். படித்துப் பார்த்தபோது நாணயமில்லாமல் இருந்தது, அழித்துவிட்டேன். அவள் இரண்டு செடியைப் பார்த்து எழுதினாள். நான் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். அவள் சொன்ன பாதி அவளுடையது. நான் சொன்ன பாதி என்னுடையது இல்லை.

மூன்றாவது ஞாயிறு அவன் சொன்ன கதையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் காப்பரோபோலிஸ் என்று ஓர் ஊர். தமிழில் சொன்னால் தாமிரபுரி. 1860களில் அங்கே செம்புச் சுரங்கம் தோண்டினார்கள். சுரங்கக் கழிவு கொட்டிய மண்ணில் செம்பு அதிகம், சாதாரணச் செடி முளைக்காது. அங்கே மஞ்சள் நிறத்தில், தொண்டையில் செம்புள்ளி வைத்த ஒரு பூ நிற்கிறது. மிமுலஸ். அதன் குடும்பத்தைக் குளிர்ந்த நாடுகளில் தோட்டத்தில் அழகுக்கு வளர்ப்பார்கள், குரங்குப்பூ என்று பெயர். சுரங்கத்துக்கு வெளியே இருக்கும் அதே இனச் செடியைச் செம்பு மண்ணில் நட்டால் பட்டுப்போகும். சுரங்கத்துச் செடி தாங்கும். இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் மேக்நேர் இரண்டையும் கலந்து வம்சம் வம்சமாக எண்ணினார், நாம் மெண்டலின் பட்டாணியை எண்ணியது போல. தாங்கும் குணம் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவின் வேலை என்று 1983ல் சொன்னார்.

அதோடு ஒரு விபரீதத்தையும் கண்டார்கள். சுரங்கத்துச் செடியை வேறு ஓர் இடத்துச் செடியோடு கலந்தால் பிறக்கும் கன்றுகளின் இலை கருகி, கன்றே செத்தது. தாங்கும் குணமும் சாகடிக்கும் குணமும் சேர்ந்தே போயின. ஒரே மரபணுதான் இரண்டு வேலையும் செய்கிறதோ என்று மேக்நேரும் ஒரு சகாவும் அதே வருடம் கட்டுரை எழுதினார்கள். தலைப்பின் கடைசியில் கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

முப்பது வருடம் கழித்து, 2013ல் விடை வந்தது. ஒரே மரபணு இல்லை. இரண்டு. ஒரே குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. செம்பு மண்ணில் பிழைக்க வைத்த மரபணு வெற்றி பெற்று எல்லாச் செடியிலும் பரவியபோது, பக்கத்தில் ஒட்டியிருந்தது டிக்கெட் இல்லாமல் கூடவே பரவிவிட்டது. அந்த 2013 கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் மேக்நேரின் பெயரும் இருக்கிறது. தன் பழைய கேள்விக்கு, தன் ஊகம் சரியில்லை என்ற பதிலில், தானே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அவர் முதலிலேயே கேள்விக்குறி போட்டிருந்தார். நான் போட்ட பெருக்கல் குறியில் கேள்விக்குறி எதுவும் இல்லை.

மே மாதம் குன்னூர் போனேன். அவளைப் பார்க்கவென்றே போனேன். அவள் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். கொழுந்து பறிக்கப் போனாள், பிறகு ஒரு நர்சரியில் தினக்கூலி, இப்போது சாலையோரம் சொந்தமாகச் சின்ன நர்சரி. அவள் படிப்பை நிறுத்தியதற்கு நான் காரணம் என்று சொல்ல முடியாது, வீட்டு நிலைமை அப்படி. நான் காரணமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த அரைப்பரீட்சைக்குப் பிறகு அவள் வகுப்பில் கை தூக்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

போனதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ வாங்கி வரச் சொன்னாள். பிறகு தோட்டத்தைக் காட்டினாள். ஒரே தாய்ச்செடியிலிருந்து எடுத்த குச்சிகளை மூன்று வரிசையாக வைத்திருக்கிறாள். ஒரு வரிசைக்குத் தேயிலைக்காட்டு மண், ஒரு வரிசைக்குச் சாம்பல் கலந்த மண், ஒரு வரிசைக்கு இரண்டும் பாதிப் பாதி. நீலம், ரோஸ், நடுவில் கத்தரிப்பூ நிறம். "டூரிஸ்ட்டுங்க மூணு வெரைட்டின்னு நெனச்சு மூணும் வாங்கிட்டுப் போவாங்க டீச்சர். நான் உண்மையத்தான் சொல்லுவேன், அவங்க நம்ப மாட்டாங்க."

இருபத்து மூன்று வருடம் வகுப்பில் நின்று பாடம் நடத்தியவள் நான். இவ்வளவு தெளிவான ஒரு செய்முறையை ஒருநாளும் காட்டியதில்லை.

ஓர் ஓரத்தில் வேறு செடி இருந்தது, பூ ரத்தச் சிவப்பு. "இதுக்கு என்ன போட்டாலும் நல்ல நீலம் வராது டீச்சர். அழுக்கு ஊதாவா வரும், அவ்வளவுதான். அதோட ஜாதி அப்படி" என்றாள்.

நர்சரிக்காரர்கள் எல்லாரும் சொல்லும் சொல்தான் அது. அவள் செடியைப் பற்றித்தான் சொன்னாள். எனக்குத்தான் காது சுட்டது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இவ்வளவு எழுதியதும் வெறும் தாவரவியல். அந்த அரைப்பரீட்சைத் தாள்களை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தபோது இவள் விடையைச் சத்தமாகப் படித்துக்காட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்போது நான் சொன்னேன், "லைன் பிள்ளைங்களுக்கு அவ்வளவுதான் வரும். அது ரத்தத்துலயே இருக்கு." கதவு திறந்திருந்தது. நோட்டு எடுத்துப்போக வந்த பிள்ளைகள் வெளியே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் அவள் இருந்தாளா என்று முப்பத்து மூன்று வருடமாக எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை.

நர்சரியில் உட்கார்ந்து டீ குடித்தபோது கேட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவள் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்திவைத்தாள். நான் படிகாரத்தின் அளவைப் பற்றிக் கேட்டேன். அது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

கிளம்பும்போது கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். விடைத்தாள் ஏது, 1991 தாள் எல்லாம் என்றைக்கோ அடுப்புக்குப் போயிருக்கும். அவள் செடிப் பெயர் எழுதும் அட்டை ஒன்றை நீட்டினாள். 2/2 என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். சிரித்துக்கொண்டே வாங்கி, அந்த மூன்று வரிசையில் நடுவரிசைத் தொட்டியில் செருகிவைத்தாள்.

நான் கேட்காமல் வந்த கேள்வியை இங்கே கேட்டிருக்கிறேன். அவள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவள். பதில் சொல்லவேண்டும் என்று கட்டாயமில்லை, அம்மா. நீ கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும் நான் அதைச் சொன்னேன், அது உண்மை. மன்னித்துக்கொள்.

கீழே படம் போட்டிருக்கிறேன். மழைத்தண்ணீருக்கு மாறி இரண்டரை மாதம் ஆகிறது. புது மொட்டு விரிந்திருக்கிறது, ஓரத்தில் மட்டும் லேசாகக் கத்தரிப்பூ நிறம். இதை நேற்று அவளுக்கு அனுப்பியபோது உடனே பதில் வந்தது: "நடுவுல ஒரு வாரம் போர் தண்ணி ஊத்திட்டீங்க, இல்லையா டீச்சர்?"

ஊற்றினேன். மழை இல்லை.